எட்டுக்கு முப்பத்தொன்பது

சாலவாக்கத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவே ஓடும் ஷேர் கார்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஸ்டாப்பில் எந்த வண்டி முதலில் பிரேக் போடுகிறதோ, அங்கே நிற்கும் அத்தனை பேரும் அந்த வண்டிக்கு. பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கக் கூடாது, ஆளைக் கூப்பிடக் கூடாது. வாயை மூடிக்கொண்டு அடுத்த ஸ்டாப்பைப் பார்த்துப் போய்விட வேண்டும். காலையில் ஒரு டவுன் பஸ் போனால் அடுத்தது வர ஒன்றே கால் மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில்தான் ஷேர் காரோட்டிகளின் சோறு இருக்கிறது.

அந்தச் சட்டத்தில்தான் செவ்வந்தியின் கணவன் வரதனின் வலது முழங்காலும் போனது.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு காலை. ரைஸ்மில் ஸ்டாப்பில் பன்னிரண்டு பேர் நிற்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான் கன்னியப்பன். அவனும் அம்பாசிடர் வைத்திருந்தவன்தான், அதே தடத்தில் ஓட்டுகிறவன்தான். வரதனின் வண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஸ்டாப்புக்கு முப்பது அடி இருக்கும்போது கன்னியப்பன் வலப்பக்கமாக ஏறி வந்து குறுக்கே புகுந்தான். வரதன் ஸ்டியரிங்கை ஒடித்தான். வண்டி வாய்க்காலில் இறங்கி நின்றது. கதவு நசுங்கியதில் கால் உள்ளே மாட்டிக்கொண்டது.

கால் போனதையாவது விதி என்று விட்டுவிடலாம். வரதன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்த நேரத்தில் கன்னியப்பன் உத்திரமேரூர் ஸ்டாண்டில் நின்று ஒரு வார்த்தை சொன்னான். "காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்தா வேற இன்னா ஆவும்? வாடை அடிச்சிது, நானே மோந்தேன்." அவ்வளவுதான். அவன் குறுக்கே புகுந்ததை ரைஸ்மில்லில் நின்றவர்கள் பார்த்திருந்தார்கள். ஆனால் குடிகாரனுக்காக யார் வந்து சாட்சி சொல்வார்கள்? வரதன் ஒரு காலத்தில் குடித்தவன்தான். மகள் அபிநயா பிறந்த அன்று விட்டவன், பதினோரு வருடமாகத் தொடவில்லை. முதல் பாதி ஊருக்கு நினைவிருந்தது. இரண்டாவது பாதி நினைவில்லை. ஸ்டேஷனுக்குப் போகாமல் ஸ்டாண்டிலேயே பேசி முடித்துவிட்டார்கள்.

கால் வளையாமல் விறைத்துப்போய் வீடு திரும்பிய வரதன் அதற்குப் பிறகு டீக்கடைப் பக்கம் போகவில்லை. அபிநயாவைப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி "குடிகாரன் பொண்ணு" என்று சொல்லிவிட்டாள் என்று தெரிந்த நாளில் அவன் சாப்பிடவுமில்லை. செவ்வந்தி மட்டும் சாப்பிட்டாள். கோபத்தில் அவளுக்குப் பசி அதிகமாகும்.

திருப்புலிவனத்தில் நடவு ஆட்களின் வீட்டில் பிறந்தவள் அவள். பத்தாவது முடித்துவிட்டு ஷூ கம்பெனியில் ஆறு வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். கல்யாணமான புதிதில், ஏரி வறண்டு கிடந்த ஒரு கோடையில், வரதன் அவளுக்கு விளையாட்டாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தான். அந்த விளையாட்டு கை கொடுத்தது. வாய்க்காலிலிருந்து எடுத்த வண்டியைத் தட்டிக் கொட்டி, லைசென்ஸ் வாங்கி, ஏழாவது மாதம் சாலவாக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஸ்டாண்டில் மற்றவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். கன்னியப்பன் மட்டும் சிரித்தான்.

"இன்னாமே, மாவு மிஷினுக்கா வந்த? அது அந்தாண்ட கீது."

முன்பு அவனை அவள் அண்ணா என்று கூப்பிடுவாள். வண்டி வாய்க்காலில் இறங்கிய அன்றிலிருந்து அவனை எந்த முறை வைத்தும் கூப்பிடவில்லை. பேசவே இல்லை.

பேசாமல் இருந்தாலும் தினமும் தோற்றுக்கொண்டுதான் இருந்தாள். அவளுடையது தொண்ணூற்று மூன்றாம் வருடத்து டீசல் வண்டி. கன்னியப்பனுடையது எட்டு வருடம் பிந்தியது, இன்ஜினும் வேறு. ஸ்டாப்பிலிருந்து இரண்டும் ஒன்றாகக் கிளம்பினால், அவள் இரண்டாவது கியர் போடுவதற்குள் அவன் புளியமரத்தைத் தாண்டியிருப்பான். போகும்போது ஜன்னல் வழியே கையை வெளியே நீட்டி, பாட்டிலைச் சாய்ப்பதுபோல் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போவான். தினமும் காட்டினான். செவ்வந்தி அதை ஒவ்வொரு நாளும் பார்த்து வைத்துக்கொண்டாள்.

உத்திரமேரூர் மார்க்கெட் பின்னால் ஷெட் போட்டிருந்த பெஞ்சமினிடம் ஒரு மத்தியானம் போய் நின்றாள்.

"அண்ணா, என் வண்டி கிளம்பச்சொல்ல பாயணும். இன்ஜினை இன்னா பண்ணலாம்?"

பெஞ்சமின் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். எழுந்து வரவில்லை. "இன்ஜினை ஒண்ணும் பண்ணாத தங்கச்சி. அது கெழடு. அடிச்சா படுத்துக்கும். இங்க வா, குனிஞ்சி பாரு. பின்னாடி அச்சு நடுவுல பூசணிக்கா மாதிரி உப்பிக்கினு கீதே, அதுக்குள்ள ரெண்டு பல்சக்கரம் கீது. சின்னது பினியன், பெருசு கிரவுன். இன்ஜின் சுத்தறதை வீலுக்குக் குடுக்கறது அதுங்கதான். உன்னுதுல ஒம்பது பல்லுக்கு நாப்பத்தொண்ணு. பழைய மாடல் வண்டியில எட்டுக்கு முப்பத்தொம்பது வரும். அதை எடுத்து இதுல போட்டா பிக்கப் ஏறும்."

"ஒரு பல்லு கொறைஞ்சா வேகம் வருமா?"

"சைக்கிள்ல நெல்லு மூட்டை வெச்சிக்கினு மேடு ஏறச்சொல்ல பின்னாடி பெரிய பல்லு இருந்தா லேசா மிதிக்கலாம் இல்ல? அந்தக் கணக்குதான். கிளம்பறது சுருக்கா கிளம்பும். ஆனா இறக்கத்துல காலு சும்மா சும்மா சுத்தும். இதுவும் அப்பிடித்தான், அறுவதைத் தாண்டினா இன்ஜின் கத்தும். டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும்."

"அறுவதுக்கு மேல எனக்கு இன்னா வேலை? ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு ஒரு கிலோமீட்டரு கூட இல்ல."

"யாரை முந்தறதுக்குன்னு நான் கேக்கல," என்றான் பெஞ்சமின். "ஊருக்கே தெரியும்." பிறகு வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு முறை சொன்னான். "புதுப்பேட்டையில கெடைக்கும். ஆனா ஜோடியாத்தான் வாங்கணும். ரெண்டு மேலயும் ஒரே நம்பர் வெட்டியிருக்கும். கம்பெனியில அதுங்க ரெண்டையும் ஒண்ணா ஓடவிட்டு, ஒண்ணை ஒண்ணு அரைச்சித்தான் எடுக்கறாங்க. ஒரு வண்டி பினியனையும் இன்னொரு வண்டி கிரவுனையும் சேத்தா, பாக்கறதுக்கு பல்லு சரியா உக்காரும். ஓடும். பத்து நாளு ஓடும். அப்பறம் ஊளை விடும். அப்பறம் பல்லு கொட்டிடும். புருசன் பொண்டாட்டியக் கூட மாத்திக் கட்டி வெச்சிடலாம், இதுங்களை முடியாது."

செவ்வந்தி பஸ் ஏறிப் பட்டணத்துப் புதுப்பேட்டைக்குப் போனாள். பழைய இரும்புக் கடைகளில் ஒன்பதாவது கடையில்தான் ஒரே எண் வெட்டிய ஜோடி கிடைத்தது. சாக்குப் பையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது இரண்டு தொடையும் மரத்துப்போயிருந்தன.

மாற்ற இரண்டு நாளாயிற்று. மாற்றியது பெரிய வேலையில்லை, உட்காரவைத்ததுதான் வேலை. பெஞ்சமின் காவிக்கட்டியை ஆயிலில் குழைத்து கிரவுனின் பற்களில் பூசினான், பினியனைக் கையால் சுற்றினான். காவி எந்த இடத்தில் அழிகிறது என்று பார்த்தான். பல்லின் ஓரத்தில் அழிந்தால் தப்பு. பிரித்து, காகிதம்போல் மெல்லிய ஒரு தகட்டை வைத்து, மறுபடியும் பூட்டி, மறுபடியும் பூசினான். பதினான்கு முறை. செவ்வந்தி பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். பதினான்காவது முறை தடம் பல்லின் நட்டநடுவில் விழுந்தது. "இனிமே இது நீ சொன்ன பேச்சைக் கேக்கும்," என்றான் பெஞ்சமின்.

கேட்டது. திங்கட்கிழமை காலை சாலவாக்கத்திலிருந்து இரண்டு வண்டியும் ஒன்றாகப் புறப்பட்டன. கிளட்சை விட்டதும் வண்டி முதுகில் குத்துப்பட்ட மாடு மாதிரி எகிறியது. பின்சீட்டில் கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த தாயாரம்மாள் பின்னால் சாய்ந்து, "அடி எம்மா, வண்டிக்குப் பேய் கீய் பிடிச்சிதா!" என்று கத்தினாள். ரைஸ்மில் ஸ்டாப்பில் செவ்வந்தி முதலில் பிரேக் போட்டாள். நின்றவர்கள் ஏறினார்கள். கன்னியப்பன் சட்டப்படி வாயை மூடிக்கொண்டு தாண்டிப் போனான். அடுத்த ஸ்டாப்பில் அவன் முன்னால் நின்றான், ஆனால் அங்கே யாருமில்லை. அதற்கடுத்த இரண்டிலும் அவள்.

நீளமான ரோட்டில் அவன் முந்திவிடுவான். ஆனால் அந்தத் தடத்தில் நீளமான ரோடு எங்கே இருக்கிறது? ஸ்பீடோமீட்டர் கியர் பாக்ஸோடு சேர்ந்தது என்பதால் பல்லை மாற்றியபின் அது உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டியது. ஏறுகிறவர்கள் முள்ளைப் பார்த்துவிட்டு "செவ்வந்தி எழுவதுல பறக்குது" என்று ஊரெல்லாம் சொன்னார்கள். அவள் திருத்தவில்லை. மூன்று வாரத்தில் கன்னியப்பன் பாதி வண்டி காலியாகவே உத்திரமேரூர் வந்து சேர்ந்தான். ஜன்னலிலிருந்து கட்டைவிரல் நீள்வது நின்றது. அது நின்றது போதவில்லை செவ்வந்திக்கு. அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தை ஊரில் அப்படியேதான் இருந்தது.

ஒரு நாள் ஸ்டாண்டு டீக்கடையில் அவனே எதிரே வந்து நின்றான்.

"இன்னாமே, பின்னாடி பல்லு மாத்திட்டியாமே? சத்தத்துலயே கண்டுக்கினேன். நானும் போடப் போறேன். மச்சான்கிட்ட எட்டுப்பல்லு பினியன் ஒண்ணு சும்மா கெடக்குது. கிரவுன் மட்டும் வாங்கினா முடிஞ்சிது."

செவ்வந்தியின் கையில் டீ சூடாக இருந்தது. அவள் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்தால், அவனுடைய மெக்கானிக் எவனாவது "எண் ஒத்துப்போகணும்" என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு. அவனும் கேட்டுக்கொள்வான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இவன் வாழ்க்கையில் யாரிடமும் நிஜத்தைச் சொன்னதில்லை. அதனால் யாரும் தன்னிடம் நிஜத்தைச் சொல்வார்கள் என்று இவனுக்குத் தோன்றாது. அதிலும் நான் சொன்னால்?

இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக அவனிடம் வாயைத் திறந்தாள்.

"அப்பிடிப் போடாத. ரெண்டும் ஒரே ஜோடியா இருக்கணும். ரெண்டு மேலயும் ஒரே நம்பர் வெட்டியிருக்கும், பாத்து வாங்கு. வேற வேற போட்டா பத்து நாளுல பல்லு கொட்டிடும்."

கன்னியப்பன் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான். பிறகு டீக்கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தான்.

"நம்பர் பாத்து வாங்க இது இன்னா லாட்டரி சீட்டா? என்னை மாசக்கணக்குல புதுப்பேட்டையில சுத்த வுட்டுட்டு நீ லைனை வளைச்சிக்கலாம்னு பாக்கற. எங்கிட்டயேவா?"

"சொல்லிட்டேன்," என்றாள் செவ்வந்தி. மிச்ச டீயைக் குடித்துவிட்டு வண்டிக்கு நடந்தாள்.

அவனுடைய மெக்கானிக் எண்ணைப் பற்றிச் சொன்னானாம். "அந்தப் பொம்பள கட்டிவுட்ட கதைடா அது, நீ பூட்டு" என்றானாம் கன்னியப்பன். இதைப் பிற்பாடு கேள்விப்பட்டபோது அவளுக்கு ஆச்சரியமாக இல்லை.

முதல் வாரம் அவளுக்குத்தான் பேஜாராகிவிட்டது. நல்ல இன்ஜினும் புதுப் பல்லும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? கன்னியப்பனின் வண்டி எல்லா ஸ்டாப்பிலும் முதலில் நின்றது. "நம்பராம் நம்பரு!" என்று ஜன்னலிலிருந்து கத்தினான். கட்டைவிரலும் திரும்ப வந்தது. தாயாரம்மாள்கூட அவன் வண்டியில்தான் போக வேண்டியிருந்தது. "இன்னா பண்றது கண்ணு, சட்டம் அப்பிடி" என்று கூடையை அங்கே ஏற்றினாள். செவ்வந்தி பல்லைக் கடித்துக்கொண்டு நாள்களை எண்ணினாள்.

எட்டாம் நாள் ஊளை கேட்டது. முதலில் மெலிசாக, கொசு மாதிரி. பத்தாம் நாள் அவன் வருவது அரை கிலோமீட்டர் தூரத்திலேயே தெரிந்தது. "இன்னா சத்தம் அது?" என்று அவள் வண்டியில் ஒருவர் கேட்டார். "பல்லுவலி," என்றாள்.

அந்த வண்டியில் ஏறுகிறவர்களை நினைத்து அவளுக்கு உறுத்தாமல் இல்லை. பெஞ்சமினிடம் போய்க் கேட்டாள். பல்லு போனால் வண்டி நிற்கும், கவிழாது என்றான் அவன். அதைப் பிடித்துக்கொண்டாள். இருந்தும் ரைஸ்மில் ஸ்டாப்பில் இரண்டு பெண்களிடம் "அதுல ஏறாதீங்க" என்று சொன்னாள். அவர்கள் சிரித்துக்கொண்டே ஏறிப்போனார்கள். போட்டிக்காரி வேறு என்ன சொல்வாள்?

பதின்மூன்றாம் நாள் காலை, ஏரிக்கரை மேட்டில் கன்னியப்பன் முன்னால் ஏறிக்கொண்டிருந்தான். எட்டுப் பேரை அடைத்திருந்தான். செவ்வந்தி ஐம்பதடி பின்னால் வந்தாள். ரோடு கரைமேல் ஏறித் திரும்பும் இடம் அது. கீழே மதகுப் பள்ளம். மேட்டின் நடுவில் ஊளை ஒரு கணம் நின்றது. பிறகு இரும்புச் சட்டியில் கருங்கல்லைக் கொட்டிய மாதிரி ஒரு சத்தம். வண்டி நின்றது. பிறகு மெல்லப் பின்னால் வரத் தொடங்கியது.

செவ்வந்தி வண்டியை ஓரமாக ஒடித்து நிறுத்தி இறங்கினாள். கன்னியப்பன் பிரேக்கை மிதித்துவிட்டான். உள்ளே இருந்தவர்கள் கதவைத் திறந்து குதித்தார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அதைக் கண்ணால் எண்ணிப் பார்த்துக்கொண்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

கன்னியப்பன் மட்டும் இறங்கவில்லை. இறங்க முடியவில்லை. அம்பாசிடரில் ஹேண்ட் பிரேக் என்பது பேருக்கு ஒரு கம்பி. பல்லு கொட்டிவிட்டதால் கியரில் போட்டாலும் வண்டி நிற்காது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தது அவனுடைய வலது கால் ஒன்றுதான். பிரேக்கும் பழசு. பெடல் மெல்லமெல்லக் கீழே இறங்கியது. அவன் எடுத்து எடுத்து மிதித்தான். ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் வண்டி ஒரு சாண் பின்னால் போனது.

"யாராவது ஒரு கல்லு வைங்கய்யா! பின் வீலுக்கு ஒரு கல்லு!"

வேட்டி கட்டிய ஒருவர் கரையிலிருந்து ஒரு கல்லைத் தூக்கினார். அதே வண்டியிலிருந்து குதித்திருந்த தாயாரம்மாள் அவர் கையைப் பிடித்தாள். அவள் பார்வை செவ்வந்தி மேல் இருந்தது. "இரு நைனா," என்றாள். "இதை அது வெக்கட்டும்."

செவ்வந்தி அவரிடமிருந்து கல்லை வாங்கிக்கொண்டாள். டிரைவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"செவ்வந்தி! வெய்யி சீக்கிரம்!"

"அன்னிக்கி எங்க வூட்டுக்காரரு குடிச்சிருந்தாரா?"

"இன்னா நேரத்துல இன்னா கேக்கற நீ!"

"எனக்கு நேரம் கீது. உன் காலுக்குத்தான் இல்ல."

அவன் பெடலை எடுத்து மிதித்தான். ஒரு சாண். தொடை நடுங்குவது லுங்கிக்கு மேலேயே தெரிந்தது. அவன் சுற்றிலும் பார்த்தான். எட்டுப் பேரும், செவ்வந்தியின் வண்டியிலிருந்து இறங்கி வந்த ஆறு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் அசையவில்லை.

"இல்ல," என்றான்.

"இன்னா இல்ல? இவங்களுக்குக் கேக்கல."

"குடிக்கல! வரதன் குடிக்கல! போதுமா?"

"அப்பறம் எப்பிடி வாய்க்கால்ல எறங்கினாரு?"

இன்னொரு சாண். பின்சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கியது. அதற்குப் பின்னால் மூன்றடியில் பள்ளம்.

"நான்தான் குறுக்க பூந்தேன். நான்தான். என்னை லைன்லேர்ந்து தூக்கிடுவாங்கன்னு பயந்துதான் அப்பிடிச் சொன்னேன். அவன்கிட்ட வாடையே இல்ல. நான் மோந்துகூடப் பாக்கல. வெய்யி... தாயே, வெய்யி!"

செவ்வந்தி அவனை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவசியமே இல்லாத கொஞ்ச நேரம் அது. பிறகு குனிந்து கல்லைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து, செருப்புக் காலால் உள்ளே தள்ளினாள். கன்னியப்பன் பெடலிலிருந்து காலை எடுத்தான். இறங்க முடியாமல் ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டான்.

"ஏறுங்க எல்லாரும்," என்றாள் அவள். பதினான்கு பேரும் நெருக்கிக்கொண்டும் தொங்கிக்கொண்டும் ஏறினார்கள். மீதி மேட்டை அந்த வண்டி முனகிக்கொண்டே ஏறியது.

வழியில் இன்னும் ஐந்து ஸ்டாப்புகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இறங்குகிறவர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவரும் இறங்கியவுடனே அங்கே நின்றவர்களிடம் பேச ஆரம்பித்தார்கள். தாயாரம்மாள் அன்று மார்க்கெட்டில் கீரையோடு அதையும் சேர்த்தே விற்றாள்.  செவ்வந்தி யாரிடமும் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

மத்தியானம் அவள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டிருந்தது. வரதன் வாசலில் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். முகச்சவரம் செய்திருந்தான். தாடையில் ஓர் இடத்தில் பிளேடு கிழித்திருந்தது.

"ஸ்டாண்டு வரைக்கும் கூட்டிக்கினு போறியா?" என்றான். "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

அவள் முன்கதவைத் திறந்துவிட்டாள். விறைத்த காலை முதலில் உள்ளே நீட்டி, அவன் மெதுவாக உட்கார்ந்தான்.

ஏரிக்கரை மேட்டில் கன்னியப்பனின் வண்டி அங்கேயேதான் நின்றது. பின்அச்சைக் கழற்றிக் கீழே போட்டிருந்தார்கள். கன்னியப்பன் நிழலில்லாத கரையில், கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். வண்டிச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கினான். வரதனைப் பார்த்தான். எழுந்திருக்கப் பார்த்தான்.

"கொஞ்சம் நிறுத்து," என்றான் வரதன். "பாவம், வெய்யில்ல உக்காந்துகினு கீறான். தண்ணி கிண்ணி வேணுமான்னு கேப்போம்."

செவ்வந்தி மேட்டைப் பார்த்தாள். இரண்டாவது கியருக்குத் தட்டி, ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தாள்.